பாட்டிக்கு எத்தனை மதிப்பெண்?

“மக்கான் செண்டிரி?”

தானாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டவர் ஜொகூரில் ஓர் அரசு மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சையாளர். மலாயில் ‘ஜுருபுலே சாரா கெர்ஜா’ என்பார்கள். பாட்டிக்கு வெள்ளைச் சீருடை போட்ட பெண்கள் எல்லாரும் மிஸிதான். பாட்டியின் மலாய் சந்தையோடு நின்றுவிடும். அதனால் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அது 2011.

“தானா சாப்பிட முடியுமா பாட்டி?”

“ஏன் முடியாது?”

“போலே,” என்றேன் மிஸியிடம். முடியும்.

சட்டை போடுவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று பத்துக் கேள்விகள். பாதிக்கு மேல் ‘போலே’ சொன்னேன். பாட்டிக்கு வலது கையும் வலது காலும் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனால் நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவரை ஒரு சின்னப் பெண் முன்னால் ‘இவரால் முடியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பில் ஓர் எண் ஏறியது. அந்த எண்ணை வைத்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்றாம் நாள் குளியலறையில் பாட்டி விழுந்தார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் ஒரு கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

அந்தப் பத்துக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பல வருஷம் கழித்துத் தேடிப் படித்தேன். என் பொய்யின் அளவு அப்போதுதான் தெரிந்தது.

அவற்றின் பிறப்பிடம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். அங்கே நாள்பட்ட நோயாளிகளுக்கென்று மூன்று அரசு மருத்துவமனைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பால்டிமோரின் மாண்டிபெல்லோ. ஒரு நோயாளி எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றி இருக்கிறார் என்று பார்க்க 1955 முதல் ஓர் எளிய பட்டியலை இந்த மருத்துவமனைகள் பயன்படுத்தி வந்தன. 1965இல் ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரதியா பார்தெல் என்ற இயன்முறைச் சிகிச்சையாளரும் அதை மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் ஐந்து பக்கக் கட்டுரையாக எழுதினார்கள். பக்கவாத நோயாளியின் அன்றாட வாழ்க்கையை அளக்க உலகம் முழுக்க இன்று கையில் எடுக்கப்படும் ‘பார்தெல் குறியீடு’ அதுதான். கட்டுரையில் மஹோனியின் பெயர்தான் முதலில் இருக்கிறது, நிலைத்ததோ பார்தெலின் பெயர். மருத்துவ வரலாற்றில் மருத்துவரை முந்திக்கொண்டு சிகிச்சையாளரின் பெயர் நின்ற இடங்கள் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பட்டியல் இப்படிப் போகிறது: சாப்பிடுவதற்கு 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, முகம் கழுவித் தலைவாருவதற்கு 5, கழிவறைக்கு 10, குளிப்பதற்கு 5, நடப்பதற்கு 15, படியேறுவதற்கு 10, உடுத்துவதற்கு 10, மலம் அடக்க 10, சிறுநீர் அடக்க 10. மொத்தம் நூறு. குளிப்பதற்கு ஐந்துதான், இடம் மாறுவதற்குப் பதினைந்து, ஏன் இப்படி? அந்த வேலையை நோயாளி செய்யாவிட்டால் இன்னொருவருக்கு எவ்வளவு நேரமும் உடலுழைப்பும் செலவாகும் என்பதை வைத்து எண்களைப் போட்டதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் பெயரில் எழுதப்பட்டாலும் அந்த எண் இன்னொரு ஆளின் முதுகுவலியையும் சேர்த்தே சொல்கிறது. பாட்டியின் தாளில் நான் சொன்ன ஒவ்வொரு ‘போலே’யும் அம்மாவின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

ஒரு மனிதர் தானாகச் சட்டை போடுகிறாரா என்று மருத்துவம் கேட்கத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். 1945இல் நியூயார்க்கில் ஜார்ஜ் டீவர் என்ற மருத்துவரும் மேரி எலினார் பிரவுன் என்ற சிகிச்சையாளரும் அன்றாட வாழ்க்கை உடலிடம் கேட்கும் வேலைகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். போர் முடிந்து கைகால் இழந்தவர்கள் வீடு திரும்பிய ஆண்டு அது. 1957இல் கிளாஸ்கோவில் ஜான் ரான்கின், பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை ஐந்தே படிகளில் அடக்கினார். 1963இல் கிளீவ்லாந்தில் சிட்னி கேட்ஸும் அவருடைய குழுவினரும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை முக்கியமாக வைத்து ஆறு செயல்களைக் கவனித்தார்கள்: குளியல், உடை, கழிவறை, இடமாற்றம், கழிவடக்கம், உணவு. நோயிலிருந்து மீள்கிறவர் இந்தத் திறன்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை அவற்றைக் கற்கும் வரிசையை ஒத்திருக்கிறது என்று கேட்ஸ் எழுதினார். நம் ஊரில் ‘கிழமும் குழந்தையும் ஒண்ணு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்.

மாண்டிபெல்லோவில் இந்தப் பட்டியல் புழக்கத்துக்கு வந்த அதே காலத்தில் மலாயாவில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் உடலை யார் அளந்தார்கள்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் கிராணி. செக்ரோலில் ஒரு கோடு. அன்றைக்கு எத்தனை மரம், எத்தனை பவுண்டு பால். 1952இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இன்னொரு கணக்கை வைத்திருந்தது. அதன் அட்டவணையில் கைக்கு இத்தனை விழுக்காடு, கட்டைவிரலுக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை என்று எழுதியிருக்கும். இழந்த உறுப்பு, அதனால் குறைந்த சம்பாத்தியம், அவ்வளவுதான். அதுவும் வேலையால் நேர்ந்திருக்க வேண்டும். பக்கவாதம் இந்தக் கணக்குக்குள் வராது. கை இருக்கிறது, விரல்கள் ஐந்தும் இருக்கின்றன, சொன்னால் கேட்பதில்லை. 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து 1971இல் பெர்கேசோ இயங்கத் தொடங்கிய பிறகு நோயால் முடங்கிய தொழிலாளிக்கும் ஓய்வூதியம் என்ற வழி பிறந்தது. அங்கேயும் கேள்வி சம்பளம்தான்: உடல்நலமுள்ள ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது இவரால் சம்பாதிக்க முடியுமா?

தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க பாட்டியை யாரும் நீங்களாகவே சாப்பிடுகிறீர்களா, எழுந்து நிற்கிறீர்களா என்று கேட்டதில்லை. சம்பளத்தோடு சேராத ஒரு கேள்வியை முதன்முதலாகக் கேட்டது அந்த மிஸிதான். அதற்குத்தான் நான் பொய் சொன்னேன்.

பார்தெல் குறியீட்டை வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்கும்போது வேறொரு சிக்கல் தெரிகிறது. 1965 கட்டுரை ஒவ்வொரு செயலுக்கும் விளக்கம் தருகிறது. முழு மதிப்பெண் வாங்க, எட்டும் இடத்தில் யாராவது வைத்த உணவைத் துண்டாக்கத் தெரிய வேண்டும், உப்பும் மிளகும் தூவிக்கொள்ள வேண்டும், ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வேண்டும். பாட்டி வாழ்க்கையில் வெண்ணெய்க் கத்தியைத் தொட்டவரில்லை. தொட்ட கத்தி ஒன்றுதான், மரம் சீவுகிற கத்தி. பட்டையை மயிரிழை கனத்தில் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் மங்கில் பால் விழாது. அந்த நுட்பமெல்லாம் வலது கையில் இருந்தது. சோற்றைப் பிசைவதும், ரசத்துக்குக் குழி பறிப்பதும், மீன் முள்ளை நாக்குக்குப் போகுமுன் விரலாலேயே கண்டுபிடிப்பதும் அதே கைதான்.

இடது கைக்கு வேறு வேலை. கழிவறைப் பகுதியில் அந்தக் கட்டுரை உடையைக் கழற்றி மாட்டுவதையும், உடையை அழுக்காக்காமல் இருப்பதையும், காகிதத்தால் துடைத்துக்கொள்வதையும் எதிர்பார்க்கிறது. நம் வீடுகளில் தண்ணீர். அதற்கு இடது கை. பாட்டியின் இடது பக்கம் நன்றாகவே இருந்தது, ஆகவே கழிவறையில் கழுவிக்கொள்ள அவரால் முடிந்தது. ஆனால் மிஞ்சியது அந்த ஒரே கை. கழுவுகிற கையும் சாப்பிடுகிற கையும் ஒன்று என்பதை அவர் ஏற்கவில்லை. வயிறு காய்ந்தாலும் இடது கையைத் தட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அம்மா ஊட்டினார். ‘மக்கான் செண்டிரி?’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் ‘இல்லை’. காரணம் நரம்பில் மட்டும் இல்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது.

தலைவாரும் பகுதிதான் என்னை அதிகம் நிறுத்தியது. ஆண்கள் தாமே சவரம் செய்ய வேண்டும், சவரக் கத்தியை இழுப்பறையிலிருந்து தாமே எடுக்கவும் வேண்டும். பெண்கள் ஒப்பனை செய்துகொள்ளும் பழக்கம் இருந்தால் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் முடியைப் பின்னத் தேவையில்லை! பின்னலைச் சேர்த்தால் பல பெண்கள் காரணமில்லாமல் ஐந்து மதிப்பெண்ணை இழப்பார்கள் என்று யோசித்திருப்பார்கள்போல. இரண்டு கை வேண்டிய வேலை அது. நியாயமான சலுகைதான். அதை எழுதியவர்கள் பெண்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் பாட்டிக்கு நோய் வந்ததில் முதலில் அழுகை வந்தது பின்னலுக்காகத்தான். அறுபத்தெட்டு வயதிலும் காலையில் தண்ணீர் தெளித்து, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டுப் பொட்டு வைத்த பிறகுதான் பசியாறுவார். மருத்துவமனையில் இரண்டாம் நாள் கண்ணாடி கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று அம்மா கண்ணைக் காட்டினார்.

படியேற்றத்துக்குப் பத்து மதிப்பெண். கட்டுரை கேட்பது ஒரு வரிசைப் படி ஏறி இறங்குவதை. ரப்பர் போய், செம்பனை வந்து, பிறகு வீடமைப்பு வந்த தோட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. லயத்து வீட்டிலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தது மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு. மின்தூக்கி கிடையாது. லயத்தில் வாசல் தரையில் இருந்தது. பாட்டி தவழ்ந்தாவது வெளியே வந்து எதிர்வீட்டோடு ஒரு வாய் பேசியிருப்பார். நான்காம் மாடியில் அந்தப் பத்து மதிப்பெண் இல்லாதவருக்கு உலகம் பால்கனிக் கம்பிவரைதான்.

இதையெல்லாம் வைத்து வெள்ளைக்காரன் அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்று முடித்துவிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தேன். அது சோம்பல். 1988இல் இங்கிலாந்தில் டெரிக் வேடும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் குறியீட்டை இருபது மதிப்பெண்ணாகச் சுருக்கித் தெளிவான வழிகாட்டுதல் எழுதினார்கள். அதன் முதல் விதியே போதும்: நோயாளியால் என்ன முடியும் என்பதை எழுதாதே, அவர் என்ன செய்கிறார் என்பதை எழுது. நோயாளி சொல்வதோடு நிற்காமல் வீட்டாரையும் தாதியையும் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் சூர்யா ஷாவும் சகாக்களும் ஒவ்வொரு செயலையும் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். சும்மா பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதற்கும் முழுக்கத் தூக்க வேண்டும் என்பதற்கும் நடுவே உள்ள வேறுபாடு அப்போதுதான் எண்ணில் வந்தது. மலேசியாவில் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் கையாள்வது இந்தத் திருத்திய வடிவத்தைத்தான்.

மிஸி கேட்டது ‘மக்கான் செண்டிரி?’ என்று மட்டும். அதில் ‘போலே’ என்ற சொல்லே இல்லை. ‘சாப்பிடுகிறாரா’ என்பதை ‘முடியுமா’ என்று மாற்றியது நான். முடியுமா என்று கேட்டால் எந்தத் தோட்டத்துக் கிழவியும் முடியும் என்றுதான் சொல்வாள். முடியாது என்று சொன்னவர்களின் பெயருக்கு நேரே செக்ரோலில் என்ன விழும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் முறை போனபோது, இடுப்பில் கன்றிய தழும்போடு, அதே மிஸி பாட்டியை எதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். மேலங்கியைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டி நல்ல கையை முதலில் நுழைத்தார். பிறகு விழுந்த கைக்குத் துணி எட்டவில்லை. நான் உதவப் போனேன். மிஸி தலையை அசைத்து என்னைத் தடுத்தார். அவ்வளவு நீளமான நான்கு நிமிடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில், என்று காட்டிக்கொடுத்தார். எண் முன்னைவிடப் பாதியாகக் குறைந்தது. அந்தக் குறைந்த எண்ணால்தான் குளியலறையில் எங்கே கைப்பிடி பொருத்துவது, கழிவறை இருக்கையை எவ்வளவு உயர்த்துவது என்ற பேச்சு தொடங்கியது.

காத்திருந்த நடைக்கூடத்தில் சுவரொட்டி ஒன்று மலாயில் ‘அங்கின் அஹ்மார்’ என்றது. சிவப்புக் காற்று. சீன மொழியிலும் இந்த நோயின் பெயர் ‘காற்றடித்தது’ என்ற பொருளில் வருகிறது. நம்முடைய பாரிச வாயுவும் வாதமும் காற்றேதான். மூன்று இனமும் ஒரே பெஞ்சில் ஒரே காற்றால் விழுந்து உட்கார்ந்திருந்தோம். எல்லார் பக்கத்திலும் ஒரு பெண் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழு நூறு வாங்கியவரும் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை என்று மஹோனியும் பார்தெலும் அப்போதே எழுதிவைத்தார்கள். சமைக்க முடியாமல் போகலாம், வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போகலாம், கவனிக்க ஆள் வைக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். இந்தக் குறையை நிரப்ப 1969இல் பிலடெல்பியாவில் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் இன்னொரு பட்டியல் தந்தார்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். எட்டுச் செயல்கள். பெண்களுக்கு எட்டையும் பார்த்தார்கள். ஆண்களுக்கு ஐந்துதான். சமையல், வீட்டுவேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டார்கள், எப்போதுமே செய்யாத வேலையை நோயால் இழந்ததாகக் கணக்கிட முடியாது அல்லவா. அமெரிக்கக் கணவனுக்கும் எங்கள் தாத்தாவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் தூரம் அதிகமில்லை. சமூகப் பணியாளரான பிராடியே 1981இல், ஒரு பக்கம் முதிய பெற்றோர், மறு பக்கம் பிள்ளைகள் என்று நடுவில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தபோது அம்மாவின் முகம்தான் வந்தது. அம்மா சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலையை விட்டது அந்த ஆண்டுதான். விடியற்காலை மூன்றே முக்காலுக்கு பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து போய்வந்த வேலை. அதை விட்டதற்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் குறையவில்லை.

இல்லத்தரசிகளுக்கென்று பெர்கேசோவில் தனிக் காப்புத் திட்டம் 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நோய் வந்தவருக்கு அது உதவும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவருக்கு இன்னும் பட்டியல் எழுதப்படவில்லை. அரசு கைவிட்டதாக நான் சொல்லவில்லை. நலத்துறையின் உதவித்தொகை இருக்கிறது. பக்கவாதம் வந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய மலேசிய தேசியப் பக்கவாதச் சங்கத்துக்கு ஜொகூர் பாருவிலும் ஒரு மையம் உண்டு. ஆனால் நான்காம் மாடியிலிருந்து பாட்டியை இறக்கி அங்கே கொண்டுபோக இரண்டு ஆம்பிளைகளும் ஒரு காரும் வேண்டும். இரண்டும் எங்களிடம் ஒரே நாளில் இருந்ததில்லை.

மிஸி ஒரு கரண்டியைக் கொடுத்து அனுப்பினார், பிடியில் ரப்பர் சுற்றிய தடித்த கரண்டி. “இது கையில்லை, கரண்டி. சோறு கையில படாது,” என்று நான் பாட்டியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அம்மா ஊட்டுவதை நிறுத்தினார். அது மிஸியின் யோசனை, ஆனால் செய்து முடித்தது அம்மா. தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். முதல் நாள் சோறு ஆறிக் காய்ந்து கிடந்தது. அம்மா உள்ளே நின்று அழுதுகொண்டிருந்தார், வெளியே வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மாலையில் அம்மாவே கோப்பி கலக்கிக் கொடுத்தார், அதற்குக் கோப்பையின் காதைப் பிடிக்க இடது கை நீண்டது.

ஆறு மாதம் கழித்து மூன்றாவது மதிப்பீடு. எந்த மொழிபெயர்ப்பும் செய்யக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் போனேன். மிஸி என்னைத்தான் கேட்டார்.

“மக்கான் செண்டிரி?”

பாட்டியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செய்கிறார்,” என்றேன். எந்தக் கை என்று தாளில் கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகாத நேரமாகப் பார்த்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இடது கையில் கரண்டியோடு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுவி வைத்த தட்டைப் பார்த்துத்தான் அம்மாவுக்கே தெரியும். மிஸி பத்து என்று எழுதினார்.